உளுந்து வடையும் இடதுகால் மிதியும்

எனக்குக் கார் தர முடியாது என்று முதல் தடவை கடிதம் வந்ததற்குக் காரணம் உளுந்து வடை. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடிதத்தோடு வந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. வடை என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாததால், "விண்ணப்பதாரர் தாமே பொரித்த காரமான சிற்றுண்டி" என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் வந்த போலியோவோடு என் வலது கால் வளர்வதை நிறுத்திக்கொண்டது. இடது கால் தன் வேலையையும் மற்றதன் வேலையையும் சேர்த்துச் செய்தது. அப்படியே ஐம்பது வருடம் ஓட்டிவிட்டேன். சுவிஸில், பீல் நகரத்தில், ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள்ளுப் பூட்டுகிறேன். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் முள்ளை இடுக்கும் சாமணம், முழு நாளும் மேசை முன்னால் இருந்து செய்யும் வேலை. அங்கே என் காலைப் பற்றி எவரும் கேட்டதில்லை.

பிறகு தொழிற்சாலை நகரத்து நடுவிலிருந்து மலைச்சரிவில் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாறியது. கண்ணாடிச் சுவர், உள்ளே செடிகள், நல்ல கோப்பி, எல்லாம் வைத்திருந்தார்கள். பஸ்ஸை மட்டும் வாசலுக்குக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கட்டடம் வரை ஏற்றம். மற்றவர்களுக்கு எட்டு நிமிடம், எனக்கு முப்பத்தைந்து. நடுவில் இரண்டு தடவை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பனி கொட்டினால் எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கும் நிலைமையில் இருந்ததில்லை.

என் கணவர், இனி இவர் என்றே எழுதுகிறேன், கொஞ்ச நாள் காரில் கொண்டுபோய் இறக்கினார். இவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் அது நின்றது. நான் மூன்று தடவை பிந்திப் போனேன். எங்கள் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அதனால் மிகவும் தன்மையாகச் சொன்னார், வருடம் முடிவதற்குள் ஒரு வழி பார்க்காவிட்டால் என் மேசைக்கு வேறு ஆளை எடுக்க வேண்டியிருக்கும் என்று. இந்த வயதில், இந்தக் காலோடு, இன்னொரு மேசை எனக்குக் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வழி இருந்தது. நடக்க இயலாதவர்களுக்கு எலக்ட்ரிக் காரை லீசிங்கில் கொடுக்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது. வலது காலால் மிதிக்க முடியாதவருக்கு இடது பக்கத்தில் ஒரு மிதி பூட்டித் தருவார்கள். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, மிதியிலிருந்து காலை எடுத்தால் கார் தானே மெதுவாகிறது. ஒற்றைக் காலை நம்பி வாழ்பவளுக்கென்றே செய்ததுபோல இருந்தது. தொழிற்சாலை வாசலில் சார்ஜ் போடும் தூண்களும் நின்றன. லைசென்ஸ் என்னிடம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர், இடது மிதி வைத்த பயிற்சிக் காரில் ஓடி எடுத்தது. எங்கள் வீட்டுக் காரில் அந்த மிதி இல்லாததால் லைசென்ஸ் அலுமாரிக்குள் நகைப்பெட்டியோடு கிடந்தது. இவ்வளவுக்கும் ஒன்றே ஒன்று தேவை: எனக்கு நடக்க இயலாது என்று அரசாங்கத்தின் இயலாமைக் காப்புறுதி அலுவலகம் எழுதித் தர வேண்டும்.

விண்ணப்பம் தபாலில் போன அன்றே இவர் காரைத் தெரிவு செய்துவிட்டார். இவரோடு சேர்ந்து தெரிவு செய்தவர் இவருடைய நண்பர். எங்கள் ஆட்களுக்குள் யார் கார் எடுத்தாலும் அவரைக் கேட்காமல் எடுப்பதில்லை. முகத்துக்கு நேரே அண்ணை என்பேன், மற்ற நேரங்களில் எனக்கு அவர் கார் அண்ணை. பகலில் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறார். கோயிலுக்கு வரும்போது மட்டும் ஓர் அறை அளவான கறுப்பு வாகனத்தில் வந்து இறங்குவார்.

"மச்சான், எடுக்கிறதெண்டால் பெரிசா எடு. உயரமா இருக்கவேணும். கோயிலடியில கொண்டுபோய் விட்டால் நாலு சனம் திரும்பிப் பாக்கவேணும்" என்றார், எங்கள் வீட்டு சோபாவில் இருந்து.

"அரிசி மூட்டை வைக்க இடம் காணுமோ?" என்றார் இவர்.

"அரிசி என்ன, சோறு காய்ச்சுற கிடாரமே வைக்கலாம். ஒண்டுதான் யோசனை. பாரிசுக்கு ஒரு கலியாணத்துக்குப் போறதெண்டால் நடுவழியில சார்ஜ் போட்டுக்கொண்டு நிக்கேலாது. முகூர்த்தம் போயிடும்."

"எங்கட ஆக்கள் சார்ஜ் போடாட்டியும் முகூர்த்தத்துக்கு நேரத்துக்குப் போறேல்லை அண்ணை" என்றேன். "நான் வேலைக்குப் போகத்தான் கார்."

இருவரும் நான் அங்கே இருப்பதை அப்போதுதான் கண்டதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம் ஓம், அதுக்கும் போகலாம்" என்றார் கார் அண்ணை, பெரிய மனது பண்ணி.

இரண்டு கிழமையில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் நான் எப்படி நடமாடுகிறேன் என்று பார்க்க ஓர் அம்மா வருவார் என்று எழுதியிருந்தது. இதில் நாங்கள் இருவரும் வாசித்தது "ஓர் அம்மா வருவார்" என்பதை மட்டும்தான். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் தமிழ்ச் சனத்துக்கு வேறொன்றும் கண்ணில் படாது. இவர் யன்னல் துடைத்தார், கம்பளத்தைத் தட்டினார். நான் உளுந்து ஊறப்போட்டேன். நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தேன். முழங்கால் மடியாமல் தாங்கிப் பிடிக்கும் பட்டையை அது கணுக்கால் வரை வடிவாக மறைத்தது. சுவரோரம் சாத்தியிருந்த என் ஊன்றுகோலை இவர் எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தார். வரவேற்பறையில் கிடந்தால் வடிவில்லையாம்.

வந்தவர் குட்டை முடி வெட்டிய ஒல்லியான பெண். சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, சொல்லாமலே சப்பாத்தையும் கழற்றினார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. பிரெஞ்சில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து ஜெர்மனுக்கு மாறினார். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். தண்ணீர் போதும் என்றார். தண்ணீர் கேட்ட ஆளுக்குத் தண்ணீரை மட்டும் கொடுத்து அனுப்பிய தமிழ் வீடு இந்த நாட்டில் எங்கேயாவது இருக்குமென்றால் நான் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

சமையலறையிலிருந்து மேசைக்கு ஐந்து தடவை நடந்தேன். வடை, சட்னி, றோல்ஸ், கேக், கடைசியாகத் தேத்தண்ணி. ஒரு கையில் தட்டம். மற்றக் கை மேசை விளிம்பு, கதிரை முதுகு, சுவர் என்று மாறி மாறிப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பது எவர் கண்ணிலும் படாமல் பிடிக்கப் பழகியவள் நான். சின்ன வயதிலிருந்தே அதைத்தான் பழகினேன். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்றேன். இருங்கள் என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பரவாயில்லை என்றேன். அவர் ஒவ்வொரு தடவையும் குனிந்து எதையோ எழுதினார். வடையின் செய்முறையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நோவில்லாமல் எத்தனை மீட்டர் நடப்பீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முதல் இவர் தொடங்கிவிட்டார். என் மனைவி எல்லாம் செய்வா, சமையல், தோய்ச்சல், கூட்டல், கோயிலில் நூறு பேருக்குச் சோறு, ஒருவரின் உதவியும் கேட்கமாட்டா என்று, தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார். முப்பது வருடத்தில் இவர் என்னைப் புகழ்ந்து கேட்டது அன்றைக்குத்தான். இடம் பார்த்துப் புகழ்ந்தார். எனக்கும் தலை கிறுகிறுத்துவிட்டது. சிரித்துக்கொண்டு, "கைன் ப்ரொப்ளேம்" என்றேன். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

அதோடு விட்டேனா? மிச்ச வடையைப் பையில் போட்டுக் கொடுத்து, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தின் இரண்டு மாடிப்படிகளையும் இறங்கிப்போய், சைக்கிள் மூலை திரும்பும் வரை நின்று கை காட்டினேன். திரும்ப ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இழுபட்டேன். அடுத்த நாள் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. வேலைக்கு லீவு சொன்னேன். அதைப் பார்க்க அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

மறுப்புக் கடிதத்தை லோசானில் படிக்கும் மகளுக்குப் படமெடுத்து அனுப்பினேன். உடனே ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, நீங்கள் அந்த மனிசிக்கு வடை சுட்டனீங்களோ?"

"பின்ன? வீட்டுக்கு வந்த ஆளை வெறுவயித்தோட அனுப்புறதோ?"

"அவ சாப்பிட வரேல்லை அம்மா. உங்களுக்கு என்ன ஏலாது எண்டு பாக்க வந்தவ. நீங்கள் ஏலும் ஏலும் எண்டு ஓடி ஓடிக் காட்டியிருக்கிறீங்கள்."

அறிக்கையை அவளே தமிழில் வாசித்துச் சொன்னாள். விண்ணப்பதாரர் துணையின்றி நடமாடுகிறார். ஊன்றுகோல் பாவிப்பதாகத் தெரியவில்லை. நிரம்பிய தட்டத்தை ஒரு கையில் ஏந்துகிறார். உட்காருவதைவிட நிற்பதை விரும்புகிறார். மாடிப்படி இறங்குகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வரியாவது பொய்யாக இருந்தால் அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்திருப்பேன். ஒரு வரியும் பொய்யில்லை. நான் மட்டும்தான் பொய்.

டொக்டரின் கடிதத்தை வைத்து மகள் மறுப்புக்கு மறுப்பு எழுதினாள். இன்னொரு தடவை வந்து பார்ப்போம் என்று பதில் வந்தது. இந்தத் தடவை மகள் ஃபோனில் சட்டம் போட்டாள். சேலை கூடாது, பட்டை தெரிய முழங்கால் வரை பாவாடை. ஊன்றுகோல் கையோடு. கதிரையை விட்டு எழும்பவே கூடாது. அப்பா கதைக்கவே கூடாது.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்றார் இவர், ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு.

"நீங்கள் தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ அப்பா."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் தொழிலால் சமையல்காரர். உணவகத்தில் மத்தியானம் எண்பது பேருக்குப் பொரித்தும் வறுத்தும் கொடுப்பவர். வீட்டுக்கு வந்ததும் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்பவர். எங்கள் ஆண்களில் இந்தச் சாதி இந்த நாட்டில் நிறைய உண்டு. சம்பளம் கொடுத்தால் சமையல், கொடுக்காவிட்டால் சாப்பாடு.

அதே அம்மா வந்தார். நான் கதிரையில் இருந்தேன். இருப்பது இவ்வளவு கடினம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்கு ஆள் வந்து இருக்கிறது, என் கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. நடக்க மாட்டாத வலது கால்கூட எழும்பப் பார்த்தது. உள்ளே அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இஞ்சரப்பா, சீனி எங்கை?"

"அடுப்புக்கு மேல, இடப்பக்கம்."

"தேயிலை?"

"அதுக்குப் பக்கத்தில."

"பால்?"

"ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கும் இஞ்சாருங்கோ, வேற எங்கை இருக்கும்?"

தமிழ் தெரியாவிட்டாலும் அந்த அம்மாவுக்கு விளங்கியது. உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சமையல்காரர் என்றேன். பேனை ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

எழுதிவிட்டுப் பழைய கேள்விக்கு வந்தார். நோவில்லாமல் எத்தனை மீட்டர்?

இவர் தட்டத்தோடு வாசற்படியில் நின்றார். நான் யோசித்தேன். பொய் சொல்ல யோசிக்கவில்லை, இந்தக் கேள்வியை வேறு எவரும் என்னிடம் கேட்டிருக்கிறார்களா என்று யோசித்தேன். டொக்டர்கள் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் பரவாயில்லை என்றே சொல்லியிருக்கிறேன்.

"ஒரு மீட்டரும் இல்லை" என்றேன். "எழும்பும்போதே நோகும். நடந்தால் கூடும். படுத்தாலும் உடனே நிற்காது. இப்போது இடது காலும் தொடங்கிவிட்டது."

"எவ்வளவு காலமாக?"

"பத்துப் பன்னிரண்டு வருடம்."

அவர் இவரைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி படிவத்தில் இருக்காது என்று நினைக்கிறேன்.

தேத்தண்ணி சாசருக்குள் ஊற்றுப்பட்டது. "நைன்" என்றார் இவர். மகளின் சட்டத்தை மீறி இவர் பேசியது அந்த ஒரு சொல்தான். இல்லை, தெரியாது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருக்கும் மனிதருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று ஒரு ஆத்திரம். தெரியாமல் இருக்க இவ்வளவு காலம் பாடுபட்டதே நான்தானே என்று இன்னொரு ஆத்திரம். எது பெரிது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்தத் தடவை எழுதித் தந்தார்கள். அறிக்கையில் என் காலைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அடியில் இவரைப் பற்றியும் ஒரு வரி: "கணவர் சமையலைத் தொழிலாகக் கொண்டவர், தமது வீட்டில் சீனி இருக்கும் இடத்தை அறியார்." மகள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னாள். இவர் சிரிக்கவில்லை.

கார் பார்க்கப் போன அன்று கார் அண்ணையும் துணைக்கு வந்தார். லீசிங் நிறுவனத்தின் முற்றத்தில் ஏழெட்டுக் கார்கள் நின்றன. அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவர் கையில் அளவு நாடா வைத்திருந்த ஒரு பெரியவர். கார் அண்ணை நேரே உயரமான கறுப்புக் காரிடம் போனார். இவர் ஒரு பக்கத்தாலும் அவர் மறு பக்கத்தாலும் பிடிக்க, நான் உள்ளே ஏற்றப்பட்டேன்.

"எப்பிடி? சும்மா ராசாத்தி மாதிரி" என்றார் கார் அண்ணை.

நாடாக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "காலையில் வேலைக்குப் போகும்போது இந்த இரண்டு பேரும் கூட வருவார்களா?" என்று கேட்டார். என்னை இறங்கித் தனியே ஏறச் சொன்னார். இறங்கினேன். ஏற முடியவில்லை.

அடுத்தது நிலத்தோடு பதிந்த கார். ஏறுவதற்குச் சுகமாக இருந்தது, எழும்புவதற்குக் கிணற்றிலிருந்து ஏறுவதுபோல இருந்தது. கடைசியில், முற்றத்து மூலையில் நின்ற ஒன்றின் இருக்கையை அளந்துவிட்டு நாடாக்காரர் என்னைக் கூப்பிட்டார். பெட்டிபோல ஒரு வாகனம். இந்த நாட்டில் டியூபில் விற்கும் மஞ்சள் கடுகுப் பசையின் நிறம். பின்கதவு தள்ளித் திறப்பது. என் இடுப்பும் இருக்கையும் ஒரே உயரத்தில் இருந்தன. சாய்ந்தேன், இருந்தேன், திரும்பினேன், காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன். ஒருவரும் பிடிக்கவில்லை. இறங்கி மறுபடியும் ஏறினேன். மூன்றாம் தடவையும் ஏறினேன், அது எனக்காக.

நாடாக்காரர் அதை மெதுவாக முன்னால் நகர்த்திக் காட்டினார். வேகம் குறைவாக இருக்கும்போது ஆட்களுக்குக் கேட்பதற்காக அது ஒரு ராகம்போலச் சத்தம் போடுகிறது. கார் அண்ணை தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, இது ஊரில பாட்டுப் போட்டுக்கொண்டு வாற பேக்கரிப் பாண்காரன்ர வான் எல்லோ! இதைக் கோயிலடியில கொண்டுபோய் விட்டால் சனம் றாத்தல் பாண் கேட்டு வரும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் அந்த வாகனத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். புகழ்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார் போலும். கடைசியில் பின்கதவைத் தள்ளித் திறந்து, என் ஊன்றுகோலை உள்ளே வைத்து, மூடி, திரும்பத் திறந்து எடுத்தார்.

"பாண் கேட்டால் குடுப்பம் மச்சான்" என்றார்.

மிதி பூட்டி வருவதற்கு இரண்டு மாதம் எடுத்தது. வருடம் முடிய மூன்று கிழமை இருக்கும்போது கார் வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் நாள் நான் வேலைக்குக் கார் ஓடியபோது இவருக்கு ஓய்வு நாள், பாதுகாப்புக்கென்று பக்கத்தில் ஏறினார். வழி முழுவதும் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். நான் முந்த ஆசைப்பட்டது ஒரு குப்பை லொறியை மட்டும்தான். அதையும் வேண்டாம் என்றார்.

பஸ் நிறுத்தத்தைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கியது. இடது காலை மெல்ல அழுத்தினேன். கார் முனகாமல் ஏறியது. பனி ஓரத்தில் ஒதுக்கிக் கிடந்தது.

"இதிலதான் முதல்ல நிப்பன்" என்று வேலியைக் காட்டினேன். கொஞ்சம் தள்ளி, "பிறகு அதில."

இவர் வேலியைப் பார்த்தார். திரும்பி என் காலைப் பார்த்தார்.

"இப்பவும் நோகுதோ?"

எனக்கு நாக்கு நுனிவரை பரவாயில்லை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "ஓம்" என்றேன். இவர் பிரேக் மிதிப்பதை விட்டுவிட்டார்.

தூணில் சார்ஜைக் கொழுவிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, கார் மாலை வரை என்னோடு நிற்கும், இவர் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். நான் பத்து நிமிடம் முந்தியே என் மேசைக்கு வந்துவிட்டேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைக்க முதல் யன்னலால் பார்த்தேன். இவர் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் காட்டிய இடம் வந்ததும் நின்றார். ஒரு கையால் வேலியைப் பிடித்தார். பஸ் கீழே வந்து, நின்று, போய்விட்டது. இவர் அப்படியே நின்றார். இவருடைய கால்களில் ஒரு குறையும் இல்லை.